240 பீஸ் எங்கே போனது? பின்னலாடை லைனில் மேற்பார்வையும் தொழிலாளியின் உற்பத்தியும்

திருப்பூரில் போலோ டி-ஷர்ட் ஓடும் ஒரு லைனை, அதாவது தையல் மெஷின் வரிசையை, எடுத்துக்கொள்வோம். 30 டெய்லர்கள், எட்டு மணி நேர ஷிப்ட். ஒரு பீஸுக்கு நிர்ணயித்த நேரம், அதாவது எஸ்.ஏ.எம்., 12 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு 480 நிமிடம் வீதம் 30 பேருக்கு 14,400 நிமிடம். அதை 12-ஆல் வகுத்தால் 1,200 பீஸ். மாலையில் செக்கிங் மேஜையைத் தாண்டியது 540 என்றால் அந்த லைனின் எஃபிஷியன்சி 45 சதவீதம். நூறு சதவீதம் எந்த லைனிலும் நாள்தோறும் வருவதில்லை. 65 வந்தால் நன்றாக ஓடும் லைன் என்பார்கள். அந்தக் கணக்கில் 780 வந்திருக்க வேண்டும். மீதி 240 பீஸ் எங்கே போனது?

ஆபீஸில் இதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆட்கள் ஒழுங்காக வேலை பார்ப்பதில்லை. அந்தப் பதில் லைனுக்கு வந்து சூப்பர்வைசரின் சத்தமாக மாறுகிறது. ஆனால் 240 பீஸ் என்பது 2,880 நிமிடம். ஆளுக்கு 96 நிமிடம். அந்த 96 நிமிடத்தைத் தேடி ஒரு நாள் முழுக்கக் கையில் வாட்சுடன் லைனில் நின்றால் கிடைப்பவை இவை: பண்டில் (தைக்க வேண்டிய துண்டுகளின் கட்டு) வராமல் காத்திருந்தது, மெஷின் நின்று மெக்கானிக் வரத் தாமதமானது, ஷேடு மாறி நூல் மாற்றியது, அளவு சந்தேகம் வந்து கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தது, தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தது. இவற்றில் எதையுமே டெய்லர் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி சரிசெய்ய முடியாது. சரிசெய்யக் கூடியவர் லைனில் நடமாடும் சூப்பர்வைசர். அவருக்கு அந்த அதிகாரத்தையும் நேரத்தையும் கொடுக்கக் கூடியவர்கள் அவருக்கு மேலே இருப்பவர்கள். தொழிலாளியின் செயல்திறன் என்று நாம் ரிப்போர்ட்டில் எழுதும் எண்ணில் பெரும்பங்கு அவருக்கு மேலே இருப்பவர்களின் வேலைதான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் லைனுக்குள் நடப்பதைப் பார்ப்போம். அந்த போலோ லைனில் காலர் வைக்க இரண்டு டெய்லர்கள். ஒரு காலருக்கு 75 விநாடி. மணிக்கு ஒருவர் 48, இருவரும் சேர்ந்து 96. எட்டு மணி நேரத்தில் 768. மற்ற 28 பேர் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் அன்று 768-க்கு மேல் ஒரு பீஸ்கூட வராது. சைடு ஓவர்லாக் அடிப்பவரைப் பார்த்து "சீக்கிரம், சீக்கிரம்" என்றால் காலருக்குப் பின்னால் இருப்பவர் சும்மா உட்கார்வதும், முன்னால் இருப்பவரின் பீஸ் காலர் மேஜையில் குவிவதும்தான் நடக்கும். இப்போது காலர் வைப்பவர்களில் ஒருவர் லீவு என்று வையுங்கள். முப்பதில் ஒருவர் வரவில்லை, மூன்று சதவீதம்தான் என்று தோன்றும். ஆனால் லைன் 384 பீஸில் நின்றுவிடும். பாதி உற்பத்தி போய்விட்டது. மற்ற 29 பேரும் அன்று மாலை திட்டு வாங்குவார்கள்.

நல்ல சூப்பர்வைசருக்கும் சாதாரண சூப்பர்வைசருக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் தெரிகிறது. நல்லவரிடம் ஒரு நோட்டு இருக்கும்: இடப்பக்கம் டெய்லர்களின் பெயர், மேலே ஆபரேஷன்கள் (காலர் வைப்பது போன்ற ஒவ்வொரு தையல் வேலையும்), கட்டங்களில் யார் எதை எத்தனை விநாடியில் தைப்பார் என்ற குறிப்பு. ஒவ்வொரு கடினமான ஆபரேஷனுக்கும் குறைந்தது மூன்று பேர் தெரிந்தவர்கள், ஒவ்வொரு டெய்லருக்கும் குறைந்தது மூன்று ஆபரேஷன் என்பது அவர் வைத்துக்கொள்ளும் இலக்கு. காலை முதல் அரை மணி நேரத்தில் வராதவர்களை எண்ணி, தடை விழும் ஆபரேஷனில் ஆள் குறைந்திருந்தால், நேரம் மிச்சமுள்ள ஆபரேஷனிலிருந்து ஒருவரைத் தூக்கி அங்கே உட்காரவைத்துவிடுவார். சாதாரண சூப்பர்வைசரிடம் அந்த நோட்டு இல்லை. பத்து மணிக்குப் பீஸ் குவிந்த பிறகுதான் தேட ஆரம்பிப்பார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. நேற்றுவரை அவர் அந்த லைனின் நல்ல டெய்லர். தையல் தெரியும் என்பதற்காக சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஆபரேஷன்களுக்கு ஆட்களைச் சரியாகப் பிரித்து லைன் பேலன்ஸ் பண்ண யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்தது பண்டில். 30 மெஷினிலும் ஆளுக்கு இரண்டு பண்டில், பண்டிலுக்கு 30 பீஸ் என்று கிடந்தால் லைனுக்குள் 1,800 பீஸ் மாட்டிக்கொண்டிருக்கும். நாளுக்கு 540 வெளியே வரும் லைனில், லைனின் முதல் மெஷினில் இன்று நுழையும் பீஸ் கடைசி செக்கிங்குக்கு வர மூன்று நாளுக்கு மேல் ஆகும். ஷோல்டர் அடிக்கும்போது விழுந்த தவறு மூன்று நாள் கழித்துத் தெரியவரும். அதற்குள் ஆயிரத்துக்கும் மேல் அதே தவறோடு தைத்தாகிவிட்டது. பண்டிலைப் பத்துப் பீஸாகக் குறைத்து, ஆளுக்கு ஒரு பண்டில் என்று ஓட்டினால் உள்ளே இருப்பது 300; அரை நாளில் தவறு வெளியே வந்துவிடும். இதற்குக் கைமடிப் பெண்கள், அதாவது டெய்லர்களுக்கு உதவும் ஹெல்பர்கள், அடிக்கடி நடந்து பண்டில் மாற்ற வேண்டும் என்பதால் ஆரம்பத்தில் முணுமுணுப்பு வரும். அப்போது கைமடிக்கு ஆள் கூட்டாமல், இருப்பவர்களையே விரட்டினால் ஒரே வாரத்தில் பழைய 30 பீஸ் பண்டில் திரும்பி வந்துவிடும். பல கம்பெனிகளில் இந்த மாற்றம் தோற்பது இப்படித்தான்.

மெக்கானிக் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பேட்லாக் (ஃபிளாட்லாக்) மெஷின் இடையிடையே தையலைத் தவறவிட்டால், டெய்லர் கையைத் தூக்கிய நேரம், மெக்கானிக் வந்த நேரம், மெஷின் ஓடிய நேரம் மூன்றையும் எழுத வேண்டும். பழுது பார்க்க ஆகும் நேரத்தைவிட மெக்கானிக் வரும்வரை காத்திருக்கும் நேரம் நீளமாக இருப்பதை அந்த நோட்டு முதல் நாளே காட்டிவிடும். ஸ்பேர் மெஷின் ஒன்று லைன் ஓரத்தில் தயாராக இருந்தால் இந்த நஷ்டத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இனி பயம். தையல் தளத்தில் பயம் செய்யும் கெடுதலைப் புரிந்துகொள்ள ஊசி ஒன்றே போதும். ஏற்றுமதி கம்பெனிகளில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் ஒட்டி, அதன் பிறகே புது ஊசி வாங்க வேண்டும். துண்டு கிடைக்காவிட்டால் அந்தப் பண்டிலையே ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தைகள் உடுப்பில் ஊசித் துண்டு போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இப்போது, ஊசி உடைத்தால் திட்டு விழும் என்றிருக்கும் லைனில் டெய்லர் என்ன செய்வார்? துண்டு முழுவதும் கிடைத்துவிட்டதாகச் சொல்வார், அல்லது முனை மழுங்கிய ஊசியையே மாற்றாமல் ஓட்டுவார். பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசிதான் போட வேண்டும். அது இழைகளை ஒதுக்கிவிட்டு நுழையும். முனை சேதமான ஊசி இழையை அறுக்கும். அன்று கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டை, துணி ஒரு முறை துவைத்து வந்தபின் விரிந்து தெரியும். அதற்குள் சரக்கு கப்பல் ஏறியிருக்கும். ஊசி கேட்டு வரும் டெய்லரிடம் முகம் சுளிக்காமல் கொடுக்கும் ஸ்டோர் ஆள், ஒரு லட்ச ரூபாய் மெஷினைவிடத் தரத்துக்கு அதிகம் செய்கிறார் என்றே சொல்வேன்.

செக்கிங்கிலும் இதே கதைதான். லைனுக்குள் சுற்றிவரும் செக்கர் ஒவ்வொரு மெஷினிலும் ஏழு பீஸ் எடுத்துப் பார்த்து, தவறே இல்லையென்றால் பச்சை, ஒன்று இருந்தால் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு அட்டை மாட்டும் முறை பல கம்பெனிகளில் இருக்கிறது. அதன் நோக்கம், சிவப்பு விழுந்த மெஷினுக்குச் சூப்பர்வைசரும் மெக்கானிக்கும் உடனே ஓட வேண்டும் என்பது. நடைமுறையில் பல இடங்களில் சிவப்பு அட்டை டெய்லருக்கான அவமான அட்டையாகிவிட்டது. விளைவு: செக்கர் தன் ஊர்க்காரருக்குச் சிவப்பு போடத் தயங்குகிறார், அட்டையெல்லாம் பச்சையாக இருக்கிறது, கடைசி மேஜையில் ஆல்டர், அதாவது பிரித்துத் திருத்த வேண்டிய பீஸ், குவிகிறது. டொயோட்டாவின் கார் ஆலைகளில் தவறு கண்ட தொழிலாளி தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் ஓடிவந்து உதவ வேண்டும். குறித்த நேரத்தில் தீராவிட்டால் லைனே நிற்கும். கயிறு இழுத்தவரை அங்கே யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் நர்ஸ் குழுக்களில் அதிகத் தவறுகள் பதிவாவதைக் கண்டு முதலில் குழம்பினார். அந்தக் குழுக்கள் தவறு அதிகம் செய்யவில்லை, தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பது பிறகு புரிந்தது. லைனில் மேற்பார்வை நல்லபடி மாறும்போது முதல் இரண்டு மூன்று வாரம் தவறு எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்தைப் பார்த்துக் கோபப்படும் ஜி.எம். (பொது மேலாளர்) நல்ல வேலையைத் தொடக்கத்திலேயே கொன்றுவிடுகிறார்.

இவையெல்லாம் அனுபவசாலிகளின் கருத்து மட்டும் என்று ஒதுக்க முடியாது. தையல் தளங்களில் எண்கள் தினமும் பதிவாவதால், இந்தத் துறையில்தான் மேற்பார்வையின் பலனைத் துல்லியமாக அளந்திருக்கிறார்கள். அச்யுதா அத்வர்யு, அனந்த் நைஷாதம், ஹோர்ஹே தமாயோ ஆகிய பொருளாதார அறிஞர்கள் ஒரு பெரிய இந்திய ஆயத்த ஆடை நிறுவனத்தில் இரண்டு ஆண்டு லைன்வாரித் தினசரி உற்பத்தியையும் லைன் சூப்பர்வைசர்களின் குணங்களையும் ஒப்பிட்டார்கள். லைனைக் கவனித்துக்கொண்டே இருப்பது, சிக்கலைத் தானே தீர்க்க முடியும் என்று நம்பிச் செயல்படுவது ஆகிய தன்மைகள் உள்ளவர்களின் லைன், புது ஸ்டைலை (புது ஆடை வடிவத்தை) சீக்கிரம் பழகிக்கொண்டு மேலே ஏறியது. அந்தத் தன்மைகளுக்கு ஏற்ற அளவில் சம்பளம் மட்டும் அவர்களுக்கு இல்லை. காற்றில் தூசி அதிகமான நாட்களில் தையல் வேகம் குறைவதையும், கவனமுள்ள சூப்பர்வைசர்கள் ஆட்களை ஆபரேஷன் மாற்றி உட்காரவைத்து அந்த இழப்பைக் குறைப்பதையும் இதே துறையில் இன்னொரு ஆய்வு காட்டியது. நோட்டு வைத்திருக்கும் சூப்பர்வைசர் செய்வதும் அதையேதான்.

டெய்லர்களுக்கே நேரடியாகக் கொடுத்த பயிற்சியின் பலனும் அளக்கப்பட்டிருக்கிறது. பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில், விரும்பி முன்வந்த பெண் தொழிலாளர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 80 மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். தையல் அதில் இல்லை. பேசுவது, நேரத்தைத் திட்டமிடுவது, பிரச்சினையைச் சொல்லித் தீர்த்துக்கொள்வது, பணத்தைக் கையாள்வது போன்றவை. பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் 13.5 சதவீதம் கூடியது. தனக்குத் தேவையானதை வாய்திறந்து கேட்கத் தெரிந்த டெய்லர் குறைவாகக் காத்திருப்பார் என்பதை லைனில் நிற்பவர்கள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். அதே ஆய்வில் அவர்களின் சம்பளம் அரை சதவீத அளவில்தான் கூடியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்குக் கீழே திரும்ப வருவோம்.

சூப்பர்வைசர் பயிற்சிக்கு வந்தால், உலகத் தொழிலாளர் அமைப்பும் உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி.யும் சேர்ந்து ஆடை ஆலைகளுக்காக நடத்தும் பெட்டர் வொர்க் திட்டத்தை மதிப்பிட்டவர்கள், பயிற்சி பெற்ற பெண் சூப்பர்வைசர்களின் லைன்களில் உற்பத்தித்திறன் 22 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். வங்கதேச ஆலைகளில் நடந்த ஆய்வு ஒன்று, புதிதாகப் பொறுப்பேற்ற பெண் சூப்பர்வைசர்களை ஆண்களைவிடத் திறமை குறைந்தவர்களாக லைனிலுள்ளவர்கள் முதலில் நினைத்ததையும், சில மாதங்கள் சேர்ந்து வேலை பார்த்தபின் அந்த வித்தியாசம் மறைந்ததையும் பதிவுசெய்தது. தையல் லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கும் இடங்களில் நடமாடுபவர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதைக் கம்பெனிகள் மறுபடி யோசிக்க வேண்டும். ஒரு பெண்ணை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டு முதல் மாத எண்ணைப் பார்த்து இறக்கிவிடுவது அந்த யோசனையில் சேராது. அவருக்கு ஆறு மாதமாவது அவகாசம் தேவை.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா ஆயுத ஆலைகளுக்கு லட்சக்கணக்கான புது ஆட்களைச் சேர்த்தபோது, 1940-க்கும் 1945-க்கும் இடையே 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்பார்வையாளர்களுக்குக் கொடுத்த டி.டபிள்யூ.ஐ. (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) பயிற்சியைவிட எளிமையானதை இன்றும் காணவில்லை. ஒவ்வொரு பாடமும் பத்து மணி நேரம், இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு. வேலை சொல்லிக்கொடுப்பது ஒரு பாடம், ஆட்களோடு பழகுவது ஒன்று, வேலை முறையைச் சீராக்குவது ஒன்று. போருக்குப் பின் ஜப்பானியர் அதை எடுத்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை.

வேலை சொல்லிக்கொடுக்கும் பாடத்தை நெக் ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் பட்டி) ஏற்றும் ஆபரேஷனில் பொருத்திப் பார்க்கலாம். முதலில் புது ஆளைப் பதற்றமில்லாமல் உட்காரவைத்து, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். பிறகு சூப்பர்வைசர் தானே மூன்று முறை தைத்துக் காட்ட வேண்டும்: முதல் முறை படிகளை மட்டும் சொல்லி, இரண்டாம் முறை முக்கியக் குறிப்புகளோடு, அதாவது ரிப் ஜாயிண்ட் எந்த இடத்தில் வர வேண்டும், ரிப்பை எவ்வளவு இழுக்க வேண்டும், சுற்றி வந்து முடியும் இடத்தில் தையல் எவ்வளவு மேலே ஏற வேண்டும் என்று, மூன்றாம் முறை காரணங்களோடு, அதாவது ரிப்பை ஒரே சீராக இழுக்காவிட்டால் கழுத்து ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் அலை அலையாக நிற்கும் என்று. மூன்றாவதாக அவரைத் தைக்கவைத்து, தைத்துக்கொண்டே படிகளையும் காரணங்களையும் அவர் வாயால் சொல்லவைக்க வேண்டும். நான்காவதாக, யாரிடம் கேட்க வேண்டும் என்று காட்டிவிட்டு, முதலில் அடிக்கடியும் பிறகு இடைவெளி விட்டும் வந்து பார்க்க வேண்டும். மொத்தம் இருபது நிமிடம். இந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடித்து "பக்கத்து ஆளைப் பார்த்துக்கோ" என்று விடும் லைன்களில் புது ஆள் ஒரு வாரம் ஆல்டர் தைக்கிறார், அதற்குள் பாதிப்பேர் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் லைனில் இது இன்னும் அவசியம். சூப்பர்வைசருக்கு இந்தி தெரியாது, டெய்லருக்குத் தமிழ் தெரியாது. சத்தம் மட்டும் இருவருக்கும் புரிகிறது. ஒவ்வொரு ஆபரேஷன் மெஷினுக்கு முன்னாலும் சரியான பீஸ் ஒன்று, தவறான பீஸ் ஒன்று, தவறான இடத்தில் சாக்பீஸ் வட்டம் போட்டுத் தொங்கவிட்டால் மொழிச் சிக்கலில் பாதி தீரும். மீதிக்கு அந்த ஊர் ஆட்களிலிருந்தே ஒருவரை லைன் உதவியாளராக ஏற்றி, அதற்குத் தனிப் படி கொடுக்க வேண்டும்.

உடம்புக்குத் தேவையான உதவிகளைச் சலுகை என்று நினைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஷிப்டில் மூன்று முறை கழிவறைக்குப் போனால், தடவைக்கு ஐந்து நிமிடம் வீதம் 15 நிமிடம். 480-இல் மூன்று சதவீதம். இதைக் கண்காணிக்க டோக்கன், நோட்டு, திட்டு எல்லாம் இருக்கிறது. பண்டிலுக்காகவும் மெக்கானிக்குக்காகவும் போகும் நிமிடங்களுக்கு எந்த நோட்டும் இல்லை. கழிவறைக்குப் போக அஞ்சும் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று, தலைவலி, மதியத்துக்குமேல் சோர்வு, அடுத்த நாள் லீவு என்று அது தொடர்கிறது. அந்த லீவு காலர் மெஷினில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

வெப்பமும் அப்படியே. இந்திய ஆலைகளின் தரவை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஈ. சோமநாதன் குழு, வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போது ஆலையின் ஆண்டு உற்பத்தி சுமார் இரண்டு சதவீதம் குறைவதாகக் கணக்கிட்டது. பெங்களூரு ஆடை ஆலைகளில் மின்செலவைக் குறைக்க ட்யூப்லைட்டை எடுத்து எல்இடி போட்டபோது, எதிர்பாராத பலன் ஒன்று கிடைத்தது. எல்இடி மிகக் குறைந்த வெப்பத்தை வெளிவிடுவதால், வெயில் நாட்களில் தையல் வேகத்தில் விழும் இழப்பில் சுமார் 85 சதவீதம் மறைந்தது. சிமென்ட் ஷீட் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் தைக்கவைக்கும் கம்பெனிகள் இதைக் கவனிக்க வேண்டும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, அயர்னிங் பகுதியைத் தையலிலிருந்து பிரிக்கும் தடுப்பு, அதன் நீராவியை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட், கையெட்டும் தூரத்தில் குடிநீர்: இவை எல்லாமே உற்பத்திச் செலவுக் கணக்கில் வர வேண்டியவை.

சத்தம் போடும் சூப்பர்வைசரைத் திருத்துவதற்கு முன் அவர் மேல் விழும் சத்தத்தைப் பார்க்க வேண்டும். லேபிள் வரவில்லை, காலர் ஷேடு பொருந்தவில்லை, பாதி ஓடிய ஸ்டைலை நிறுத்தி அவசர ஆர்டரை ஏற்று என்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சொல்கிறார். ஆனால் சாயங்காலம் உற்பத்தி எண்ணைக் கேட்பது சூப்பர்வைசரிடம். புது ஸ்டைல் ஏறிய முதல் நாள் லைன் மிகக் கீழே இருக்கும், நாளாக ஆகத்தான் ஏறும். மூன்று நாளுக்கு ஒரு முறை ஸ்டைல் மாற்றினால் அந்த லைன் என்றுமே மேலே வராது. இது திட்டமிடும் மேஜையின் தவறு. ஆகவே சூப்பர்வைசருக்குச் சில அதிகாரங்கள் எழுத்தில் வேண்டும்: கட்டிங்கிலிருந்து குறைபாடுள்ள பண்டில் வந்தால் திருப்பி அனுப்ப, ஒரே தவறு தொடர்ந்தால் அந்த மெஷினை நிறுத்த, யாரையும் கேட்காமல் அரை நாள் லீவு கொடுக்க, லேபிள் போன்ற எல்லா ஆக்சஸரிஸும் வந்து சேராத ஸ்டைலை லைனில் ஏற்ற மறுக்க. மணிக்கொரு முறை எண் எழுதும் பலகையில் இலக்கு, வந்தது என்ற இரண்டு கட்டத்தோடு காரணம் என்று மூன்றாவது கட்டம் ஒன்றும் போட வேண்டும். அந்தக் காரணங்களை மாலையில் படித்து மறுநாள் காலைக்குள் பதில் சொல்ல வேண்டியது ப்ரொடக்ஷன் மேனேஜர். பதில் வராவிட்டால் ஒரே வாரத்தில் காரணக் கட்டத்தில் எல்லா மணிக்கும் "ஆள் குறைவு" என்றே இருக்கும்.

தொழிலாளி தன் குறையைச் சொல்ல வழி இருப்பது தனி விஷயம். அது சூப்பர்வைசர் வழியாக மட்டும் இருக்கக் கூடாது, குறை அவரைப் பற்றியே இருக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள் குழு வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டியிருப்பதும் அந்தக் குழுவை நம்பி ஒரு பெண் போவதும் வேறு வேறு. 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இதில் ஒரு படி மேலே போனது. பெண்களே தலைமையேற்று நடத்தும் தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் ஒன்று ஆலை நிர்வாகத்தோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டு, தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைப் பயிற்றுவித்துத் தளத்தில் நிறுத்தியது. அந்த ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு இளம் தொழிலாளியின் உயிர் போயிருந்தது என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. கர்நாடகத்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் குறைந்தபட்சக் கூலி ஏறிய ஒரு தருணத்தில், தொழிலாளர்களிடம் பெயர் கேட்காமல் அவர்கள் கருத்தை மட்டும் கேட்ட ஒரு ஆய்வில், கருத்துக் கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போவது ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. கேட்பதற்கே அவ்வளவு பலன். கேட்டுவிட்டு எதுவும் செய்யாமல் இருந்தால் இரண்டாம் முறை அந்தப் பலன் கிடைக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

நல்ல மேற்பார்வை ஏற்பட்ட பிறகும் நிலைப்பது கடினம். மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதி நெசவாலைகளில் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூம் குழு ஆலோசகர்களை அனுப்பி, 38 நிர்வாக வழக்கங்களைப் பழக்கியபோது முதல் ஆண்டில் உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, புதிதாகப் பழக்கியவற்றில் ஏறத்தாழ பாதி கைவிடப்பட்டிருந்தது. முக்கியக் காரணங்களில் ஒன்று ஆலை மேனேஜர் மாறியது, இன்னொன்று முதலாளிகளுக்கு நேரமில்லாமல் போனது. தையல் லைனிலும் சூப்பர்வைசர் வேறு கம்பெனிக்குப் போகும்போது அந்தத் திறன் நோட்டும் கூடவே போய்விடுகிறது. அந்த நோட்டு ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) துறையிடம் ஒரு பிரதியாக இருக்க வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

கடைசியாகப் பணம். மேலே சொன்ன லைன் 45-இலிருந்து 55 சதவீதத்துக்கு ஏறினால் 540 பீஸ் 660 ஆகிறது. ஷிப்ட் சம்பளத்தில் ஓடும் லைன் என்றால் அதே சம்பளத்தில் 120 பீஸ் கூடுதல். ஒரு பீஸுக்கான தையல் கூலி 18 சதவீதம் இறங்குகிறது. எல்லாருடைய சம்பளத்தையும் 11 சதவீதம் கூட்டினாலும் அந்தக் கூலி ஒன்பது சதவீதம் இறங்கியே நிற்கும். கொடுக்க முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. கொடுக்காமல், ஏறிய எண்ணையே புது இலக்காக்கி மேலும் ஏற்றினால் டெய்லர்கள் தையல் நேரத்தை அளக்கும் அடுத்த டைம் ஸ்டடியில் மெதுவாகத் தைப்பார்கள். பீஸ் ரேட்டில் ஓடும் கம்பெனியில் ரேட் குறைத்தாலும் இதே கதிதான். பெங்களூரு பயிற்சியில் கூடிய 13.5 சதவீதத்தில் தொழிலாளிக்கு வந்தது அரை சதவீதம் என்ற கணக்கு நியாயமானதல்ல, நீடிக்கவும் நீடிக்காது.

இன்சென்டிவ் போடும்போது தனி ஆளுக்குப் போடாமல் லைனுக்குப் போட வேண்டும். தனி ஆளுக்குப் போட்டால் காலருக்கு முன்னால் இருப்பவர் தேவையில்லாமல் குவிப்பார். இப்போதைய எஃபிஷியன்சிக்கு மூன்று புள்ளி மேலே தொடங்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு ரூபாய் என்று ஸ்டைல் ஏறும் அன்றே பலகையில் எழுதி, அந்த ஸ்டைல் முடியும்வரை மாற்றக் கூடாது. ஆல்டர் பீஸைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கைமடிக்கும் செக்கிங்குக்கும் மெக்கானிக்குக்கும் அதில் பங்கு வேண்டும், ஏனென்றால் காத்திருப்பைக் குறைப்பவர்கள் அவர்கள்தான். மெட்டீரியல் வராமல் நின்ற நேரத்தை லைனின் நிமிடக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். சேர்ந்த தொகை மாதக் கடைசிவரை காத்திருக்காமல் அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தோடு, எத்தனை பீஸுக்கு எவ்வளவு என்று துண்டுச் சீட்டில் எழுதி, கையில் சேர வேண்டும்.